டச் பேடில் ஃபில்டரை இயக்கினால் ஒலி தாவுவது ஏன்?

கேள்வி: என் மிடி கீபோர்டில் (வாசிப்பைச் செய்திகளாகக் கணினிக்கு அனுப்பும் இசைப் பலகை) சின்ன டச் பேட் இருக்கிறது. கணினியில் உள்ள சிந்தசைசரின் ஃபில்டரில் கட்டாஃப் (ஒலியை எந்த அதிர்வெண்ணில் வெட்டுவது), ரெசொனன்ஸ் (வெட்டும் இடத்தை எவ்வளவு தூக்கிக் காட்டுவது) இரண்டையும் மிடி லேர்ன் (வரும் செய்தியைத் தானே கண்டு இணைக்கும் வசதி) மூலம் அதில் இணைத்தேன். இடவலமாக விரலை நகர்த்தினால் இரண்டும் சேர்ந்தே நகர்கின்றன. மேல்கீழாக நகர்த்தினால் ஒன்றும் நடப்பதில்லை. ஒலியும் வழுக்கிக்கொண்டு போகாமல் படிப்படியாகத் தாவுகிறது. பேடில் கோளாறா?

பதில்: பேடில் கோளாறு இருக்க வாய்ப்பில்லை. நீங்கள் சொல்வது இரண்டு தனித்தனிச் சிக்கல்கள்.

முதலில் இணைப்பு. விரலை எவ்வளவு நேராக இழுத்தாலும் கொஞ்சம் சாயத்தான் செய்யும். அதனால் இரண்டு திசைகளின் செய்திகளும் ஒன்றாகவே கிளம்புகின்றன. மிடி லேர்ன் முதலில் வந்ததைப் பிடித்துக்கொள்கிறது. உங்களுக்கு இரண்டு முறையும் இடவலச் செய்தியே மாட்டியிருக்கிறது. கீபோர்டோடு வந்த அமைப்பு மென்பொருளில் ஒரு திசையை அணைத்துவிட்டு மற்றதை இணையுங்கள்; அப்புறம் மாற்றிச் செய்யுங்கள். அந்த வசதி இல்லையென்றால், பேடின் ஓரத்தை ஒட்டியே விரலை இழுத்துப் பாருங்கள். ஓரத்தில் ஒரு திசையின் மதிப்பு பெரும்பாலும் 0-இலோ 127-இலோ முட்டி நின்றுவிடும், மற்றது மட்டும் நகரும். கன்ட்ரோல் செய்தியின் எண்ணை (சிசி) கையால் தட்டச்சு செய்ய சிந்தசைசர் இடம் கொடுத்தால் இன்னும் நல்லது: கட்டாஃபுக்கு சிசி 74, ரெசொனன்ஸுக்கு சிசி 71 என்பது வழக்கம்.

இனி தாவல். இதுதான் முக்கியம். சாதாரண மிடி கன்ட்ரோல் செய்தியில் 0 முதல் 127 வரை 128 படிகள்தான் உண்டு. கட்டாஃப் 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரை போகிறது என்றால் அது சுமார் 10 ஆக்டேவ் (அதிர்வெண் ஒருமுறை இரட்டிப்பானால் ஓர் ஆக்டேவ், அதில் 12 அரைச்சுரங்கள்), அதாவது 120 அரைச்சுரங்கள். ஒரு படிக்குக் கிட்டத்தட்ட ஓர் அரைச்சுரம்! ரெசொனன்ஸ் குறைவாக இருக்கும்போது இது காதில் படாது. அதை ஏற்றினால் ஃபில்டரே விசில் அடிப்பதுபோல் ஒலிக்கும். அப்போது ஒவ்வொரு படியும் தனியாகக் கேட்கும்.

தீர்வு, முழு வீச்சையும் பேடுக்குக் கொடுக்காமல் இருப்பது. 300 முதல் 2,400 ஹெர்ட்ஸ் வரை மட்டும் கொடுத்துப் பாருங்கள். அது 3 ஆக்டேவ். ஒரு படி கால் அரைச்சுரத்தைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். விரலின் சின்ன அசைவுக்கும் அர்த்தம் வந்துவிடும். உண்மையில், நல்ல ஒலி கிடைக்கும் இடம் பெரும்பாலும் இப்படி ஒரு குறுகிய பகுதிதான். முதலில் மவுஸால் குமிழைத் திருப்பி அந்தப் பகுதியைக் காதால் தேடுங்கள், பிறகு அதன் இரு எல்லைகளையும் மேக்ரோவில் (ஒரே அசைவில் பல குமிழ்களை நகர்த்தும் அமைப்பு) பூட்டுங்கள்.

விரலை எடுத்து வேறு இடத்தில் வைத்தால் வரும் திடீர்த் தாவல் வேறு. சிந்தசைசரில் ஸ்மூத்திங் (மதிப்பை மெல்ல நகர்த்தும் வசதி) இருந்தால் கொஞ்சம் ஏற்றுங்கள். அதிகமானால் ஒலி விரலுக்குப் பின்னால் இழுபடும். விரலை எடுத்ததும் மதிப்பு அங்கேயே நிற்க வேண்டுமா, பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டுமா என்பதும் பார்க்க வேண்டியது. ஃபில்டருக்கு நிற்கட்டும், வைப்ரேட்டோவுக்கு (சுர நடுக்கம்) திரும்பட்டும்.

மேல்கீழ்த் திசைக்கு ரெசொனன்ஸை மட்டும் தனியாகக் கொடுக்க வேண்டாம் என்பேன். பல ஃபில்டர்களில், குறிப்பாக லேடர் வகையில், ரெசொனன்ஸ் ஏற ஏற பேஸ் (தாழ்ந்த ஒலி) மெலிந்துவிடும். ரெசொனன்ஸை நகர்த்தும் மேக்ரோவிலேயே சப் ஆஸிலேட்டரின் (அடியில் தாழ்ந்த சுரம் தரும் பகுதி) அளவையும் கொஞ்சம் ஏற்றி வையுங்கள். ஒலி கூர்மையாகும்போது அடித்தளமும் நிற்கும்.

பதிவு செய்யும்போது சுரங்களை முதலில் வாசித்துவிட்டு, பேட் அசைவை இரண்டாவது சுற்றில் தனியாகப் பதியுங்கள். எங்காவது தாவியிருந்தால் அந்த ஓர் இடத்தை மட்டும் பென்சில் கருவியால் வரைந்து சரிசெய்யலாம், வாசித்த சுரங்கள் அப்படியே இருக்கும்.