கோயிலுக்குப் போனால் எனக்கு ஊர் கிடைக்கிறது, என் கணவருக்கு?

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்குச் சொந்த ஊர் திருநெல்வேலி, வயது 38. கணவர் டெக்சாஸ் மாநிலம் சான் ஆன்டோனியோவில் பிறந்து வளர்ந்தவர். மெக்சிகோ வம்சாவளி, அந்தக் குடும்பம் அங்கே குடியேறி நான்கு தலைமுறை ஆகிறது. கல்யாணமாகி 11 வருடம் அங்கேதான் இருந்தோம். என் வேலை மாற்றத்தால் இந்த ஜனவரியில் பிட்ஸ்பர்குக்கு வந்தோம். 8 வயதில் ஒரு மகள்.

எனக்கு இங்கே குறை ஒன்றுமில்லை. பென் ஹில்ஸ் வெங்கடேசப் பெருமாள் கோயிலுக்குப் போனால் புளியோதரை கிடைக்கும், தமிழில் பேச நாலு பேர் கிடைப்பார்கள். அவருக்குத்தான் எதுவுமில்லை. சான் ஆன்டோனியோவில் ஞாயிற்றுக்கிழமை என்றால் மாமியார் வீட்டில் பார்பகோவா என்ற மாட்டிறைச்சிப் பதார்த்தம், சுடச்சுட மைதா டோர்டியா ரொட்டி, சுற்றி 20 பேர். இங்கே ஞாயிறு காலையில் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அக்கார்டியன் நன்றாக வாசிப்பார்; வந்த நாள் முதல் அந்தப் பெட்டி அலமாரி மேலேயே இருக்கிறது. அவரை வளர்த்த பாட்டி மார்ச்சில் இறந்துவிட்டார். அடக்கத்துக்குப் போனவர் லீவு இல்லை என்று மூன்றாம் நாளே திரும்பிவிட்டார். அலுவலகத்தில் அவர் பெயர் வாயில் நுழையவில்லை என்று சுருக்கி, ஓர் ஆங்கிலப் பெயராக்கிவிட்டார்கள். கேட்டால் ‘இருக்கட்டும் விடு’ என்கிறார்.

நானும் சும்மா இருக்கவில்லை. மே 5 அன்று ஒரு மெக்சிகன் உணவகத்துக்கு அழைத்துப் போனேன். வந்தவர்களுக்கெல்லாம் அட்டைத் தொப்பி மாட்டிவிட்டுக் கும்மாளம் போட்டார்கள். வீடு வரும்வரை அவர் வாயைத் திறக்கவில்லை. பிறகு லத்தீன் மக்கள் கூடும் ஒரு சந்திப்புக்கு அவர் பெயரைப் பதிவு செய்தேன். ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்து, “எல்லாரும் ஸ்பானிஷிலேயே பேசுகிறார்கள். எனக்குத் தெரிந்தது சமையல்கட்டு ஸ்பானிஷ். ஆபீஸில் நான் மெக்சிகன், அங்கே நான் வெள்ளைக்காரன்” என்றார். அதோடு சரி, எங்கே கூப்பிட்டாலும் வருவதில்லை. என் வேலைக்காக அவரை இழுத்து வந்துவிட்டேனோ என்று எனக்கு இரவில் தூக்கமில்லை. அவருக்கு ஒரு சமூகத்தை நான் எப்படித் தேடிக் கொடுப்பது?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பிட்ஸ்பர்க்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடைசி வரிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தேடிக் கொடுக்காதீர்கள். நீங்கள் பெயரைப் பதிவு செய்த நிமிடமே அந்தச் சந்திப்பு உங்கள் ஏற்பாடாகிவிட்டது; அவர் அதற்கு ஒரு மணி நேர விருந்தாளியாகப் போய் வந்தார்.

நீங்கள் கவனிக்காத ஒன்று இருக்கிறது. திருநெல்வேலியிலிருந்து கிளம்பியபோதே நீங்கள் புலம்பெயர்ந்துவிட்டீர்கள். எந்தக் கடையில் கறிவேப்பிலை, எந்தக் கோயிலில் நம்மவர்கள் என்று விசாரிப்பது உங்களுக்குக் கைவந்த பழக்கம். உங்கள் கணவர் இப்போதுதான், அதுவும் சொந்த நாட்டுக்குள்ளேயே, முதல் முறையாகப் புலம்பெயர்ந்திருக்கிறார். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சான் ஆன்டோனியோவில் 100 பேரில் 60க்கும் மேற்பட்டோர் ஹிஸ்பானியர்கள், அதாவது ஸ்பானிஷ் மொழி நாடுகளின் வம்சாவளியினர். பிட்ஸ்பர்க் நகரில் 5 பேர்கூட இல்லை. அங்கே அவர் மெக்சிகனாக இருக்க எந்த முயற்சியும் தேவைப்படவில்லை. தேடிப் பழகாதவரிடம் தேடச் சொன்னால் முதல் தோல்வியிலேயே உட்கார்ந்துவிடுவார்.

‘ஹிஸ்பானிக்’ என்ற சொல்லையும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். 1980இல்தான் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ‘நீங்கள் ஹிஸ்பானிக்கா’ என்ற கேள்வியை எல்லோரிடமும் கேட்டது. கியூபா, போர்ட்டோ ரிக்கோ, எல் சால்வடோர், மெக்சிகோ எல்லாவற்றையும் ஒரே பையில் போட்ட சொல் அது. ‘இந்தியர் ஒன்றுகூடல்’ என்று போய், அங்கே எல்லோரும் பஞ்சாபி பேசினால் உங்களுக்கு எப்படி இருக்குமோ, அப்படித்தான் அவருக்கும் இருந்திருக்கும். அவர் தெஹானோ, அதாவது டெக்சாஸ் மெக்சிகன். மே 5 சமாசாரமும் அதைச் சேர்ந்ததே. அது மெக்சிகோவின் சுதந்திர தினம் அல்ல (அது செப்டம்பர் 16). 1862இல் பியூப்லாவில் பிரெஞ்சுப் படையைத் தோற்கடித்த நாள். வென்ற தளபதி சரகோசா இன்றைய டெக்சாஸ் மண்ணில் பிறந்தவர். தன் ஊர்க்காரரின் வெற்றி நாளில் அட்டைத் தொப்பி மாட்டிவிட்டால் யாருக்குத்தான் பேச்சு வரும்?

மொழிக் கூச்சத்துக்கு வருகிறேன். 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி தாண்டியும் டெக்சாஸ் பள்ளிகளில் ஸ்பானிஷ் பேசிய பிள்ளைகளுக்கு அடி விழுந்தது. அடி வாங்கிய தலைமுறை தன் பிள்ளைகளுக்கு அந்த மொழியைக் கொடுக்கத் தயங்கியது. பேரன் பேத்திகளை இன்று ‘போச்சோ’ என்றும் ‘நோ சாபோ’ என்றும் கேலி செய்கிறார்கள். போச்சோ என்றால் தாய்மொழியையும் வழக்கத்தையும் தொலைத்து அமெரிக்கராகிவிட்ட மெக்சிகன். ‘எனக்குத் தெரியாது’ என்பதைத் தப்பான இலக்கணத்தில் சொல்வதுதான் நோ சாபோ. ஆக, இது அவருடைய சோம்பேறித்தனத்தால் வந்த குறை இல்லை. ஸ்பானிஷ் கற்க நினைத்தால் தொடக்கநிலை வகுப்பு வேண்டாம். ‘என் பெயர் இன்னது’ என்பதை மூன்று வாரம் சொல்ல வைத்து அவமானப்படுத்திவிடும். வீட்டில் கேட்டு வளர்ந்தவர்களுக்கென்று பல்கலைக்கழகங்கள் தனி வகுப்பு நடத்துவதுண்டு; காது தயாராக இருப்பவர்களுக்கு எழுத்தும் இலக்கணமும் மட்டும் சொல்லித் தருவார்கள். அதுவரைக்கும் ஒரு வாக்கியம் போதும்: “என்தியெந்தோ மாஸ் தே லோ கே ஆப்லோ.” பேசுவதைவிட அதிகம் புரியும் என்று அர்த்தம். பேச்சின் தொடக்கத்திலேயே இதைச் சொல்லிவிட்டால் எதிரில் இருப்பவர் வேகத்தைக் குறைப்பார், இவருக்கும் மாட்டிக்கொள்ளும் பயம் போகும்.

அறிமுகக் கூட்டங்கள் அவருக்குச் சரிப்படாது, ஏனென்றால் அங்கே வாய்தான் முதலீடு. கைக்கு வேலையும் வாய்க்கு ஓய்வும் இருக்கும் இடமாகப் பார்க்க வேண்டும். டவுன்டவுனிலிருந்து ரெட் லைன் ரயிலில் ஏறினால் பீச்வியூ வரும். பிராட்வே அவென்யூவில் நடுத்தெருவிலேயே ரயில் போகும். பிட்ஸ்பர்கின் லத்தீன் மக்கள் அதிகம் புழங்கும் பகுதி அது. மெக்சிகன் மளிகை, டாக்கோ எல்லாம் அங்கே உண்டு. (அமெரிக்காவிலேயே மிகச் செங்குத்தான தெருக்களில் ஒன்றான கான்டன் அவென்யூவும் பீச்வியூவில்தான், மகளுக்குக் காட்டுங்கள்.) புதிதாகக் குடியேறிய லத்தீன் குடும்பங்களுக்கு உதவும் காசா சான் ஹோசே என்ற அமைப்பு 2013 முதல் இந்நகரில் இயங்குகிறது. ஸ்பானிஷ் காதில் ஏறும், ஆங்கிலத்தில் படிவம் நிரப்பத் தெரியும் என்ற ஆளுக்கு அப்படிப்பட்ட இடங்களில் மதிப்பு அதிகம். சந்திப்பில் குறையாகத் தெரிந்த அதே பாதி மொழி இங்கே உபகாரமாகும். என்ன வேலைக்கு ஆள் வேண்டும் என்று அவரே போன் செய்து கேட்கட்டும்.

ஆனால் அவசரம் கூடாது. கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018இல் வெளியிட்ட ஆய்வின்படி, தெரிந்தவர் ஒருவர் சாதாரண நண்பராக ஏறக்குறைய 50 மணி நேரம் சேர்ந்திருக்க வேண்டும், நண்பராக 90, நெருங்கிய நண்பராக 200க்கும் மேல். உங்கள் கணவர் கொடுத்துப் பார்த்தது ஒரு மணி நேரம். வாரம் 2 மணி நேரம் என்றால் 50ஐத் தொடவே ஆறு மாதம் ஆகும். எட்டு இடங்களுக்கு ஒரு முறை போவதால் பயனில்லை. ஒரே இடத்துக்கு, ஒரே கிழமையில், எட்டு முறை போய்ப் பார்த்துவிட்டுப் பிடித்ததா பிடிக்கவில்லையா என்று முடிவு செய்யட்டும்.

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் உறுத்தியது பாட்டியின் சாவு. ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். மெக்சிகன் கத்தோலிக்கக் குடும்பங்களில் அடக்கத்துக்குப் பிறகு ஒன்பது நாள் வீட்டில் கூடி ஜெபமாலை சொல்வார்கள். நொவெனாரியோ என்று பெயர். அவர் மூன்றாம் நாளே திரும்பிவிட்டார். அழ வேண்டிய நாட்களில் அவர் உங்கள் வீட்டு சோபாவில் தனியாக உட்கார்ந்திருந்தார். ஊர் ஏக்கம் என்று நீங்கள் நினைப்பதில் பாதி துக்கமாக இருக்கலாம்.

நவம்பர் 1, 2 இறந்தோர் நினைவு நாட்கள். குழந்தைகளுக்கு முதல் நாள், பெரியவர்களுக்கு மறுநாள். “உங்கள் பாட்டி அன்றைக்கு என்ன செய்வார்?” என்று கேளுங்கள், கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். எல்லா டெக்சாஸ் குடும்பங்களிலும் ஒரே வழக்கம் இல்லை. கல்லறையைச் சுத்தம் செய்து பூ வைப்பதோடு சரி என்று சொன்னால், சர்க்கரை மண்டையோடு வாங்கி அலங்கரிக்காதீர்கள். வீட்டில் ஒஃப்ரெந்தா, அதாவது இறந்தவருக்கான படையல், வைப்போம் என்றால் ஒரு மேசையை மட்டும் காலி செய்து கொடுங்கள். படம், மெழுகுவர்த்தி, ஒரு குவளைத் தண்ணீர், உப்பு, ரொட்டி, பாட்டிக்குப் பிடித்த பதார்த்தம், கூடவே செண்டுமல்லி. நம் படையலை அறிந்த உங்களுக்கு இது அந்நியமாகத் தெரியாது. பூவுக்கு மட்டும் முன்கூட்டியே ஏற்பாடு வேண்டும், பிட்ஸ்பர்க் தோட்டங்களில் அக்டோபர் கடைசியில் உறைபனி கருக்கிவிடும். தீபாவளியை ஒட்டி இந்தியக் கடைகளில் செண்டுமல்லிச் சரம் வரும், அங்கே சொல்லி வையுங்கள். நாம் ஆயுத பூஜைக்குச் சரம் சரமாகத் தொங்கவிடும் அந்தப் பூவின் பூர்வீகமே மெக்சிகோதான்.

டிசம்பரில் தமாலே போடலாம். சோள மாவுக்குள் கறி வைத்து, சோளத் தோகையில் மடித்து ஆவியில் வேக வைப்பது. அது ஆள் கூட்டிச் செய்யும் சமையல், அந்தக் கூட்டத்தைத் தமலாதா என்பார்கள். உங்கள் கோயில் தோழிகள் மூன்று பேர், பக்கத்து வீட்டுக்காரர், பீச்வியூவில் பழகியவர் யாராவது. வீட்டுக்காரர் அவர், நீங்கள் எடுபிடி. அளவு மாமியாரிடமிருந்து வரட்டும். வராவிட்டால் இது பிசகாது: பொட்டலத்தில் தமாலேவுக்கென்று அச்சிட்ட மாசா மாவு (சுண்ணாம்பு நீரில் வேகவைத்து அரைத்த சோள மாவு) 4 கப், வெதுவெதுப்பான இறைச்சிச் சாறு 4 கப் வரை, பன்றிக் கொழுப்பு ஒன்றேகால் கப்புக்குக் கொஞ்சம் கூட, பேக்கிங் பவுடர் 2 தேக்கரண்டி, உப்பு 1 தேக்கரண்டி. சுமார் 30 வரும். டோர்டியாவுக்கான மாவு மிக நைஸ், அதில் செய்தால் களி மாதிரி அடைந்துவிடும். கொழுப்பைத் தனியாக நுரைக்க அடித்துவிட்டுத்தான் மாவைச் சேர்க்க வேண்டும். ஒரு சிட்டிகை மாவைத் தண்ணீரில் போட்டால் மிதக்க வேண்டும். மூழ்கினால் இன்னும் அடிக்க வேண்டும். சோளத் தோகையை வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊற வைத்து, மாவு தடவி, நடுவில் கறி வைத்து மடித்து, திறந்த வாய் மேலே பார்க்க நிறுத்தி ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம் ஆவியில் வேக விடுங்கள். பானையின் அடித் தண்ணீரில் ஒரு காசு போட்டு வையுங்கள்; கடகட சத்தம் நின்றால் தண்ணீர் வற்றிவிட்டது. வெந்ததும் கால் மணி நேரம் ஆற விடாவிட்டால் மாவு தோகையோடு ஒட்டிக்கொண்டு வரும். சைவத் தோழிகளுக்கு இறைச்சிச் சாறுக்குப் பதில் காய்கறிச் சாறும், கொழுப்புக்குப் பதில் வெண்ணெயும் சேர்த்துப் பிசைந்து, மிளகாய்க் கீற்றும் பாலாடைக்கட்டியும் வைத்துத் தனிப் பானையில் வேக வையுங்கள். கொழுக்கட்டை பிடித்த கைகளுக்கு இது பத்து நிமிடத்தில் பிடிபடும், அவர் அதட்டுவதற்கும் ஆள் கிடைத்த மாதிரி இருக்கும்.

அக்கார்டியனை இன்றைக்கே கீழே இறக்குங்கள். குளிர்காலத்தில் ஹீட்டர் காற்று உலர்த்தினால் உள்ளே இருக்கும் மெழுகும் தோலும் கெடும். அதைச் சொல்லியே இறக்கலாம். அவர் ஊர் கொன்ஹுந்தோ என்ற அக்கார்டியன் இசை, டெக்சாஸில் குடியேறிய ஜெர்மானியரும் செக் மக்களும் கொண்டுவந்த போல்கா என்ற நடன இசையில் வேர் விட்டது. பிட்ஸ்பர்கோ ஸ்லோவேனியரும் போலந்துக்காரரும் வளர்த்த போல்கா ஊர், பொத்தான் அக்கார்டியன் இங்கேயும் உண்டு. அவருக்குக் கதவு திறப்பது ஒரு லத்தீன் சங்கமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. இதை ஒரு பேச்சுக்குச் சொல்லி வையுங்கள், எங்கேயும் பெயர் கொடுத்துவிடாதீர்கள்!

பெயர் விஷயத்தில் அவர் முடிவுதான் முடிவு. ஆனால் இந்த ஊர் தலையில் வைத்துக் கொண்டாடும் பேஸ்பால் வீரர் போர்ட்டோ ரிக்கோவின் ரொபெர்த்தோ கிளெமென்தே. பத்திரிகைகளும் பேஸ்பால் அட்டைகளும் அவரை ‘பாப்’ ஆக்கியபோது, தன் பெயர் ரொபெர்த்தோ என்று விடாமல் சொன்னார். இன்று அதே பெயரில் நடு ஊரில் பாலம் நிற்கிறது. லாரன்ஸ்வில்லில் அவருக்கு அருங்காட்சியகமும் உண்டு, மகளோடு மூவரும் ஒருநாள் போய் வாருங்கள். திரும்பி வரும்போது அலுவலகப் பெயரைப் பற்றிக் கேட்காதீர்கள். அவராக எடுத்தால், மின்னஞ்சல் கையெழுத்துக்குக் கீழே பெயரை எப்படி உச்சரிப்பது என்று ஒரு வரி சேர்ப்பது எளிய தொடக்கம் என்று சொல்லுங்கள்.

ஒன்றைத் தள்ளிப்போட வேண்டாம். பிடித்த வாத்தியத்தை இத்தனை மாதம் தொடாதது, எங்கும் வர மறுப்பது இரண்டும் மனச்சோர்வின் அறிகுறிகளாகவும் இருக்கலாம். கூடவே தூக்கம், பசி மாறி இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, குடி கூடினாலோ குடும்ப மருத்துவரைப் பாருங்கள். வாழப் பிடிக்கவில்லை என்ற பேச்சு வந்தால் அமெரிக்காவின் தற்கொலைத் தடுப்பு உதவி எண் 988ஐ அழையுங்கள், ஸ்பானிஷிலும் பேசலாம். உங்கள் குற்ற உணர்ச்சியை அவரிடமே கேட்டுத் தீருங்கள்: “நான் உங்களை இழுத்து வந்துவிட்டேனா?” அவர் ஆமாம் என்றாலும் அந்தப் பேச்சு நடப்பது, நீங்கள் விழித்துக் கிடப்பதைவிட மேல்.

மார்ச்சில் பாட்டியின் முதலாண்டு நினைவுத் திருப்பலி வரும். இந்த முறை மூன்று நாள் போதாது, ஒரு வாரம். லீவை இப்போதே கேட்டு வைக்கச் சொல்லுங்கள். நீங்களும் மகளும் கூடவே போங்கள்.