ஆய்வுக் கட்டுரை, தரவு, நிரல் எல்லாம் திறந்திருந்தால் சாதாரணக் கல்லூரி மாணவருக்கு என்ன பயன்?

சிறிய ஊரில் ஒரு சுயநிதிக் கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கிறேன். எங்கள் நூலகத்துக்கு ஆய்விதழ் எதுவும் வருவதில்லை. ஆகவே என் வகுப்பில் பார்த்ததை வைத்தே சொல்கிறேன்.

2015 செப்டம்பர் 14 அன்று அமெரிக்காவில் லிவிங்ஸ்டன், ஹான்ஃபோர்டு என்ற இரண்டு இடங்களில் உள்ள லைகோ கருவிகள், வெளியையே நீட்டிச் சுருக்கும் ஈர்ப்பலையை முதன்முறையாகப் பதிவு செய்தன. சுமார் 130 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் இரண்டு கருந்துளைகள் மோதி ஒன்றான அதிர்வு அது. 2016 பிப்ரவரி 11 அன்று கண்டுபிடிப்பை அறிவித்தபோது கட்டுரையோடு நிற்கவில்லை. கருவி பதிந்த தரவையும் அதை அலசும், பைத்தான் மொழியில் எழுதிய கணினி நிரலையும் இணையத்தில் வைத்துவிட்டார்கள். எதற்கும் கட்டணமில்லை. நிரலை ஓட்டத் தேவையான மென்பொருள்களும் கட்டற்றவை.

ஒரு சனிக்கிழமை மூன்றாமாண்டு மாணவர்களோடு, லினக்ஸ் நிறுவிய பழைய கணினிகளில் உட்கார்ந்தோம். முப்பத்திரண்டு வினாடித் தரவு. அப்படியே வரைந்தால் வெறும் இரைச்சல்தான். வடிகட்டிய பிறகு, வினாடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரத்துக்கு ஓர் அலை நெருங்கி நெருங்கி உயர்ந்து அடங்குகிறது. லிவிங்ஸ்டனில் பதிந்து ஏறக்குறைய 7 மில்லி வினாடி கழித்துத்தான் 3000 கிலோமீட்டர் தள்ளியுள்ள ஹான்ஃபோர்டில் பதிந்தது. வினாடிக்கு 4096 அளவீடுகள் என்பதால் இரண்டும் பொருந்த லிவிங்ஸ்டன் வரைகோட்டை 28 புள்ளிகள் நகர்த்த வேண்டும். கருவிகள் நிற்கும் திசை வேறு என்பதால் தலைகீழாக்கவும் வேண்டும். ஒரு மாணவி கழித்தல் குறியை விட்டுவிட்டாள். ஒன்றின் மேட்டுக்கு நேராக மற்றதன் பள்ளம் வந்தது. பத்து நிமிடம் நிரலை வரிவரியாகப் பார்த்துத் தானே கண்டுபிடித்துக் குறியைப் போட்டாள். இரண்டு கோடுகளும் ஒன்றின்மேல் ஒன்று படிந்தன. "சார், பொருந்திவிட்டது!" என்று எழுந்தே நின்றுவிட்டாள். பாடநூலில் அந்தப் படத்தைப் பலமுறை காட்டியிருக்கிறேன். ஒருவரும் எழுந்து நின்றதில்லை.

இயற்பியலில் இந்தப் பழக்கம் பழையது. 1991-இல் பால் கின்ஸ்பார்க் அமெரிக்காவின் லாஸ் அலமோசில் தொடங்கிய, யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய ஆர்க்கைவ் இணையக் களஞ்சியத்தில், இதழில் வருவதற்கு முன்பே கட்டுரையைப் போட்டுவிடுவார்கள். கணிதத்திலும் அப்படித்தான்: ரஷ்யக் கணிதவியலாளர் பெரல்மான் 2002 நவம்பரில், நெடுங்காலம் தீராமல் இருந்த புவான்கரே ஊகம் என்ற கணிதப் புதிருக்கான தீர்வின் முதல் 39 பக்கங்களை அங்கேதான் போட்டார். எந்த இதழுக்கும் அனுப்பவே இல்லை.

எல்லாத் துறையும் அப்படியில்லை. அதே மாணவி பின்னர் எம்.எஸ்சி. திட்டப்பணிக்கு, பெரோவ்ஸ்கைட் என்ற படிகவகைப் பொருளால் செய்யும் சூரிய மின்கலங்களைப் பற்றித் தேடினாள். கட்டுரையின் சுருக்கம் மட்டும் திரையில் தெரியும். அதற்குக் கீழே விலை. ரூபாயில் மூவாயிரத்தை நெருங்கும், ஒரே ஒரு கட்டுரைக்கு. அவள் வீட்டில் அது ஒரு மாத மளிகை. அந்த ஆய்வுகளில் பல, மக்கள் வரிப்பணத்தில் நடந்தவை. எனக்கு ஆத்திரம் வருவது இங்கேதான்.

2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு மூன்று ஆண்டுகளுக்கு 6000 கோடி ரூபாய் ஒதுக்கியது. முப்பது பதிப்பகங்களின் சுமார் 13,000 இதழ்களுக்கு அரசே சந்தா கட்டும். நல்லதுதான், ஆனால் முதல் கட்டம் அரசு நிறுவனங்களுக்கு. எங்களைப் போன்ற கல்லூரி அதில் இல்லை. மூன்றாண்டு முடிந்ததும் மறுபடி பணம் கட்ட வேண்டும். அதில் ஒரு பகுதியை நம் பல்கலைக்கழகங்களின் சொந்தத் திறந்த களஞ்சியங்களுக்குச் செலவிட்டிருந்தால் வெளியே நிற்பவரும் படித்திருப்பார்.

இப்போதைக்கு என் மாணவர்களுக்குச் சொல்லும் வழி, கட்டுரை ஆசிரியருக்கே மின்னஞ்சல் அனுப்புவது. சுருக்கத்தின் பக்கத்திலேயே முகவரி இருக்கும். அவள் மூன்று பேருக்கு எழுதினாள்; ஒருவர் அன்றிரவே முழுக் கட்டுரையையும் அனுப்பிவிட்டார். மறுநாள் ஆய்வகத்தில் அதைக் கடைசிப் பக்கம்வரை படித்துவிட்டு, "சார், இதன் தரவு எங்கே?" என்று கேட்டாள். கேட்டால் தரப்படும் என்று அதிலேயே ஒரு வரி இருந்தது. கேட்டு எழுதியிருக்கிறோம்.