ரத்தம் எடுக்கும் வேலைதானே என்கிறவர்களுக்கு

மகளுக்கு எம்.பி.பி.எஸ். இடம் கிடைக்கவில்லை, பி.எஸ்சி. மருத்துவ ஆய்வக நுட்பவியலில் சேர ஆசைப்படுகிறாள், சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். "ரத்தம் எடுக்கும் வேலைதானே" என்று உறவினர் சொன்னது உங்களை உறுத்தியிருக்கிறது. அப்படிச் சொன்னவர் ஆய்வகத்தின் வாசலோடு திரும்பியவராக இருப்பார், அம்மா.

மழைக்காலத்தில் நம் ஊர் அரசு மருத்துவமனைக்கு வரும் காய்ச்சல்களைப் பாருங்கள். டெங்கு, எலிக்காய்ச்சல், டைபாய்டு, மலேரியா, நுண்ணிய உண்ணி கடித்து வரும் ஸ்க்ரப் டைபஸ் எல்லாமே தலைவலி, உடல்வலி என்றுதான் தொடங்கும். மருந்து மட்டும் வேறு வேறு. ஸ்க்ரப் டைபஸ் வேலூர்ப் பக்கம் அதிகம் காணப்படுவது. அதற்கு டாக்ஸிசைக்ளின் நன்றாக வேலை செய்யும். பென்சிலின் வகை மருந்தை எத்தனை நாள் ஏற்றினாலும் பயனில்லை. எது என்று பிரித்துச் சொல்வதில் ஆய்வகத்துக்குத்தான் பெரும்பங்கு.

அதுவும் ஒரு நோய் நிலைத்துவிட்ட ஊரில் இந்த வேலை இன்னும் நுட்பமானது. டைபாய்டுக்காகச் செய்யும் விடால் என்ற ரத்தப் பரிசோதனையையே எடுத்துக்கொள்ளுங்கள். டைபாய்டு சாதாரணமாக உலவும் இடத்தில், நலமாக இருப்பவர் ரத்தத்திலும் பழைய தொற்றை எதிர்க்க உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருள் இருக்கும். ஒரே ஒரு விடால் முடிவை வைத்து டைபாய்டு என்று எழுதுவது சரியல்ல. ரத்தத்தில் கிருமியை வளர்த்துப் பார்ப்பதே நம்பத்தக்கது. (தெருவுக்குத் தெரு விடால் எடுத்துத் தள்ளுவதைப் பார்க்கும்போது எனக்கு எரிச்சல்தான் வரும்.) டெங்குவில் நாள் கணக்கு முக்கியம்: முதல் ஐந்து நாட்களில் வைரஸின் புரதத்தைத் தேடும் என்எஸ்1 சோதனை, அதன் பிறகு எதிர்ப்பொருளைத் தேடும் ஐஜிஎம் சோதனை. யானைக்கால் நோயின் நுண்புழுக்கள் நம் பகுதியில் இரவில்தான் ரத்தத்தில் உலவும். ஸ்லைடில் அவற்றைப் பார்க்க இரவு பத்து மணிக்கு மேல் ரத்தம் எடுக்க வேண்டும்.

இயந்திரம் வந்து வேலையைப் பறித்துவிடாதா என்பது உங்கள் அடுத்த கவலை. ஜீன்எக்ஸ்பெர்ட் கருவி காசநோயையும், ரிஃபாம்பிசின் மருந்துக்கு அது கட்டுப்படுமா என்பதையும் சுமார் இரண்டு மணி நேரத்தில் சொல்லிவிடுகிறது. ஆனால் நோயாளி சளிக்குப் பதில் வெறும் எச்சிலைக் கொடுத்திருந்தால், அதைக் கண்டு திருப்பி அனுப்ப ஆள் வேண்டும். ஒரு துளி ரத்தத்தைப் பட்டையில் விட்டுப் பார்க்கும் மலேரியா சோதனைகளில் ஒரு வகை, நோய் குணமான பிறகும் சில வாரங்கள் 'உண்டு' என்றே காட்டும். மருந்து கேட்டதா என்று பார்க்க ஸ்லைடுக்கும் மைக்ராஸ்கோப்புக்கும்தான் திரும்ப வேண்டும். கிருமி இல்லை என்று எழுதுமுன் ஸ்லைடில் தடிப்பாகப் பூசிய ரத்தத்தில், மைக்ராஸ்கோப்பில் ஒரு தடவைக்குத் தெரியும் வட்டம் ஒன்று என்று கணக்கிட்டு, குறைந்தது 100 பார்வைப் பரப்புகளைப் பொறுமையாகத் தேட வேண்டும். உங்கள் மகளுக்கு அந்தப் பொறுமை உண்டா? மதிப்பெண்ணைவிட இதைத்தான் நான் முதலில் கேட்பேன்.

சம்பளத்தை மறைக்க விரும்பவில்லை. தனியார் ஆய்வகங்களில் தொடக்கச் சம்பளம் குறைவு. அரசுப் பணிக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் அறிவிப்பு வரும்வரை காத்திருக்க வேண்டும். சென்னையில் 1956-இல் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும், புதுச்சேரியில் 1975 முதல் இயங்கும் நோய்ப்பரப்பிக் (கொசு போன்றவை) கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையமும் ஆய்வுத் திட்டங்களுக்கு நுட்புநர்களை எடுப்பதுண்டு. அவை ஒப்பந்தப் பணிகள்தான், ஆனால் அங்கே கற்பது அதிகம். மருத்துவ நுண்ணுயிரியலில் எம்.எஸ்சி. முடித்தால் கதவு இன்னும் அகலும்.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தைப் பார்த்து மயங்காதீர்கள். பல்கலைக்கழக இணைப்பு உண்டா, சொந்த மருத்துவமனை உண்டா, ஒரு மாணவி தானே உட்கார்ந்து எத்தனை ஸ்லைடு பார்ப்பாள் என்று கேளுங்கள். மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள். ஆறு மாதச் சான்றிதழ் வகுப்புகள் பக்கமே போக வேண்டாம்.

தொற்று பற்றிய உங்கள் பயம் நியாயமானது. கையுறையும் ஊசியைக் கையாளும் ஒழுங்கும் கல்லூரியில் பழகுவாள். ஹெபடைடிஸ் பி தடுப்பூசியைக் குழந்தைப் பருவத்தில் முழுமையாகப் போட்டாளா என்று பழைய அட்டையைத் தேடிப் பாருங்கள். போடவில்லையென்றால் மூன்று தவணை முடிய ஆறு மாதம் ஆகும். சேர்க்கைக்குக் காத்திராமல் இந்த வாரமே தொடங்கிவிடுங்கள்.