மழை பெய்யும்போது டவர் லைன் ஏன் 'உஸ்ஸ்' என்று இரைகிறது? கரண்ட் கசிகிறதா?

மழைத் தண்ணீர் வழியாகக் கரண்ட் கீழே இறங்குவதில்லை. கம்பியை ஒட்டியிருக்கும் காற்றில் குட்டிக் குட்டியாக மின்னிறக்கம், அதாவது காற்றுக்குள்ளேயே சின்னச் சின்னப் பொறி, நடக்கிறது. அதற்குப் பெயர் கொரோனா. (வைரஸ் வந்த பிறகு இந்தப் பெயரைச் சொன்னாலே எங்கள் தெருவில் சிரிக்கிறார்கள்.)

எனக்குத் திருவலம் பக்கம். 765 கிலோவோல்ட் துணைமின் நிலையம் இங்கே இருப்பதால் திரும்பின பக்கமெல்லாம் டவர்தான். மாடு மேய்க்கிற பெரியம்மா ஒருவர் கேட்பார், "இன்னாபா, கரண்ட்டு தண்ணியோட ஒழுவுதா?" என்று. உங்கள் கேள்வியும் அதேதான்.

காற்று சென்டிமீட்டருக்குச் சுமார் 30 கிலோவோல்ட் வரை தாங்கும். உலர்ந்த கம்பியின் மேற்பரப்பு அந்த எல்லையைத் தொடாதபடிதான் லைனை வடிவமைக்கிறார்கள். ஒரு ஃபேஸுக்கு இரண்டு, நான்கு, ஆறு கம்பிகளைக் கட்டாகச் சேர்த்து இழுப்பது இதற்காகத்தான். கட்டு முழுக்க ஒரே பருமனான கம்பி போல நடந்துகொள்வதால் மேற்பரப்பில் மின்புலம் (கம்பியைச் சுற்றிக் காற்றை நெருக்கும் மின்விசை) குறையும்.

மழை இந்தக் கணக்கைக் கெடுக்கிறது. கம்பியின் அடிப்பக்கம் வரிசையாகத் துளிகள் தொங்கும். மின்புலம் ஒவ்வொரு துளியையும் இழுத்துக் கூராக்கும். கூரான முனையில் புலம் குவிந்து, அந்த இடத்தில் மட்டும் காற்று தாங்காமல் பொரியும். துளி பிய்ந்து விழுந்ததும் அடுத்தது வந்து தொங்கும். கிலோமீட்டர் கணக்கில் இப்படி நடந்தால் 'உஸ்ஸ்' கேட்காமல் என்ன செய்யும்? நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ் என்பதால், கூடவே 100 ஹெர்ட்ஸில் ஒரு ரீங்காரமும் வரும். இருட்டில் மங்கிய ஊதா ஒளி தெரியலாம். பக்கத்து வீட்டு ஏ.எம். ரேடியோ கரகரக்கும். கொரோனாவில் வீணாகும் மின்சாரமும் உலர்ந்த நாளைவிடப் பல மடங்கு ஏறும்.

புதிதாக இழுத்த கம்பி அதிகம் இரையும். அதன் பளபளப்பில் தண்ணீர் ஒட்டாமல் துளித்துளியாக நிற்பதே காரணம். வெயிலும் மழையும் பட்டுப் பழசானால் தண்ணீர் பரவி ஓடிவிடும், சத்தமும் அடங்கும். அடைமழையில் மழைச் சத்தமே இதை அமுக்கிவிடும்; விட்ட பிறகுதான் தெளிவாகக் கேட்கும்.

லைன்காரர்கள் கவலைப்படுவது இதற்கல்ல, தூறலுக்கு. கோடை முழுக்கச் செங்கல் சூளைப் புகையும் கல்குவாரித் தூசும், கம்பியை டவரில் படாமல் தாங்கும் பீங்கான் தட்டுகளில் படிந்திருக்கும். பெருமழை அதைக் கழுவிவிடும். தூறலும் பனியும் கழுவாது, நனைக்க மட்டும் செய்யும். ஈர அழுக்கின் மேல் சிறு மின்னோட்டம் ஓடி, சூட்டில் அங்கங்கே பட்டையாக உலர்ந்து, அந்தப் பட்டையைத் தாண்டிப் பொறி பறக்கும். தட்டுச் சரம் முழுக்கப் பொறி தாவினால் லைன் ட்ரிப், அதாவது தானாக நின்றுவிடும்.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளாதீர்கள். உயரமான டவர் மழையில் இரைவது சகஜம். தெருவில் போகும் 11 கிலோவோல்ட் லைனில் கொரோனா அவ்வளவாக வராது. அங்கே 'சர்ர்' என்று பொறிந்தால் பீங்கான் விரிசல் விட்டிருக்கும், இல்லை மரக்கிளை உரசும். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கு, 94987 94987 எண்ணில் சொல்லுங்கள். கம்பி அறுந்து விழுந்திருந்தால் ஈரத் தரையிலும் கரண்ட் பரவியிருக்கும். கிட்டே போகாதீர்கள், யாரையும் விடாதீர்கள்.