சத்ருக்கனனுக்குக் கடற்கரை கிடையாது

கேள்வி: வேலை, போன், டிராஃபிக் எல்லாம் அலுத்துவிட்டது. ஆளே இல்லாத, அமைதியான, அழகான கடற்கரை உள்ள ஒரு சின்னத் தீவில் போய் நாலு நாள் கிடக்க ஆசை. அந்தமானில் நீல் தீவு அப்படித்தான் இருக்கும் என்கிறார்கள். போகலாமா? (பெயர் வெளியிட வேண்டாம், ஈரோடு)

பதில்: போகலாம். தாராளமாகப் போகலாம். கேள்விக்குப் பதில் முடிந்தது. பக்கத்தில் இடம் மிச்சமிருப்பதால் மேற்கொண்டு கொஞ்சம்.

ஆளே இல்லாத தீவுதான் வேண்டும் என்றால் அந்தமான் நிக்கோபாரில் அதற்குப் பஞ்சமே இல்லை. தீவு, திட்டு, பாறை எல்லாம் சேர்த்து 836 என்பது அரசுக் கணக்கு. அதில் மனிதர்கள் குடியிருப்பது நாற்பதில்கூட இல்லை. மற்றதெல்லாம் காடும் மணலும்தான், சில இடங்களில் முதலையும் உண்டு. ஆனால் அங்கே காலையில் உங்களுக்கு டீ யார் போடுவது? மீனை யார் பொரிப்பது? ஆளே இல்லாத தீவு வேண்டும் என்று எனக்கு எழுதுகிற எல்லாருமே, சமைத்துப் போட ஓர் ஆள், துண்டு மடித்து வைக்க ஓர் ஆள், கடலைப் பார்த்தபடி நிற்கும்போது பின்னாலிருந்து படம் எடுக்க ஓர் ஆள், இந்த மூவரைத் தவிர வேறு ஆள் இல்லாத தீவைத்தான் கேட்கிறார்கள். அப்படிப் போனவர்கள் அங்கே செய்கிற முதல் காரியம் என்ன தெரியுமா? போனை எடுத்து ஊரில் இருக்கிறவர்களைக் கூப்பிட்டு, "இங்க அவ்வளவு அமைதியா இருக்கு" என்று கத்துவது. சிக்னல் சுமார் என்பதால் இரண்டு தடவை கத்த வேண்டும்.

நீல் தீவில் ஆட்கள் இருக்கிறார்கள். 2011 கணக்கெடுப்பின்படி சுமார் 3,000 பேர். கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து அகதிகளாக வந்த வங்காளிகளை 1960களில் அரசு இங்கே குடியேற்றியது. காட்டை வெட்டி நிலமாக்கி, நெல்லும் காய்கறியும் வாழையும் தென்னையும் போட்டார்கள். போர்ட் பிளேர் சந்தைக்கு இன்றும் இங்கிருந்து காய்கறி போகிறது. ஆக, நீங்கள் டிக்கெட் போட்டுப் போய்ப் பார்க்கப்போகும் அமைதி, மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு விவசாயக் கிராமத்தில் இருக்கிற அமைதி. அது பவானிப் பக்கத்திலும் உண்டு. கடல்தான் இல்லை.

வந்து குடியேறியவர்கள் அகதிகள் என்பதாலோ என்னவோ, வனவாசக் கதையிலிருந்தே ஊர்களுக்குப் பெயர் அமைந்துவிட்டது: ராம்நகர், சீதாப்பூர், லட்சுமண்பூர், பரத்பூர். சூரிய உதயம் பார்க்கச் சீதாப்பூர். அஸ்தமனம் பார்க்க லட்சுமண்பூர். பவழப் பாறை பார்க்கப் பரத்பூர், படகுத்துறையும் அதை ஒட்டியே இருக்கிறது. ராமனுக்கும் ஒரு கடற்கரை உண்டு. சத்ருக்கனன்? வழக்கம்போல அம்போ.

இந்த மனிதருக்காக நான் ரொம்ப காலமாகக் கவலைப்பட்டுக்கொண்டிருக்கிறேன். நான்கு பிள்ளைகளில் மூன்று பேரைப் பற்றிக் குழந்தைக்குக்கூடத் தெரியும். ஒருவர் காட்டுக்குப் போனார், ஒருவர் கூடப் போனார், ஒருவர் செருப்பை வாங்கி வந்தார். நாலாமவர்? அயோத்தியில் அவர் கோபம் வந்து செய்த ஒரே காரியம், மந்தரையைத் தரதரவென்று இழுத்தது. அதையும் பரதன் நடுவில் புகுந்து நிறுத்திவிட்டார். பிற்பாடு லவணாசுரனைக் கொன்று மதுராவை ஆண்டதெல்லாம் உத்தர காண்டத்தில் வருகிறது. அதற்குள் சொற்பொழிவு முடிந்து, சுண்டலும் வாங்கி, எல்லாரும் வீட்டுக்குப் போயிருப்பார்கள். நீல் தீவில் இவ்வளவு மணல் கிடக்கிறது, இவருக்கென்று பத்தடி ஒதுக்கியிருக்கக் கூடாதா? இந்தப் பத்தி நீளம், வெட்டலாமா என்று உதவி ஆசிரியரைக் கேட்டேன். ஓர் எழுத்தைக்கூடத் தொடக் கூடாது என்றார். அவர் வீட்டில் நாலாவது பிள்ளை.

தீவின் பெயருக்கு வருகிறேன். நீல் என்றதும் நீலக்கடல் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். அது ஜேம்ஸ் நீல். மெட்ராஸ் ஃபியூசிலியர்ஸ் படையைக் கூட்டிக்கொண்டு வடக்கே போய், 1857 சிப்பாய்க் கிளர்ச்சியின்போது அலகாபாத்திலும் கான்பூரிலும் கண்ணில் பட்டவரையெல்லாம் தூக்கில் போட்ட தளபதி. அந்த ஆண்டு செப்டம்பரில் லக்னோவில் குண்டடிபட்டுச் செத்தார். இவருக்குச் சென்னை மவுண்ட் ரோட்டில் சிலை இருந்தது. அதை எடுக்கச் சொல்லி 1927-இல் சத்தியாகிரகம் நடந்தது. திருநெல்வேலி சோமயாஜுலு தலைமை, காந்தியின் ஆதரவு, தொண்டர்கள் அணி அணியாகச் சிறைக்குப் போனார்கள். சிலை அசையவில்லை. 1937-இல் ராஜாஜி அமைச்சரவை வந்த பிறகுதான் இறங்கியது. இப்போது எழும்பூர் அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

தீவின் பெயரோ 2018 டிசம்பர் 30 அன்று ஓர் அறிவிப்பில் மாறியது. இப்போது அது ஷஹீத் தீவு, பக்கத்திலிருக்கும் ஹேவ்லாக் ஸ்வராஜ் தீவு. நேதாஜி 1943-இல் சூட்டிய பெயர்கள் என்றார்கள். உண்மைதான், ஆனால் அவர் அந்தமான் முழுமைக்கும் ஷஹீத், நிக்கோபார் முழுமைக்கும் ஸ்வராஜ் என்று வைத்தார். அதைச் சுருக்கி இரண்டு சுற்றுலாத் தீவுகளுக்கு மாட்டிவிட்டார்கள். இதை அப்போதே இந்தப் பக்கத்தில் எழுதினேன். ஒரு பேராசிரிய நண்பர், 'உமக்கு நீல் மேல் பாசமா?' என்று கேட்டு நாலு பக்கக் கடிதம் போட்டார். அதோடு என்னிடம் பேசுவதை நிறுத்தினார். பாசம் துளியும் இல்லை ஐயா. நீல் போனதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் மாற்றுவதென்றால் சுற்றிலும் கொஞ்சம் பார்க்க வேண்டாமா? பக்கத்திலேயே ஹென்றி லாரன்ஸ், ஜான் லாரன்ஸ், அவுட்ரம் என்று அதே 1857 கூட்டம் தீவுத் தீவாக உட்கார்ந்திருக்கிறது. அவற்றைச் சேர்த்து 1996-இல் கடல்சார் தேசியப் பூங்கா அமைத்தபோது வைத்த பெயர் ராணி ஜான்சி! எதிரிகளையெல்லாம் அந்த அம்மாளின் மடியில் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். பேராசிரியர் இதற்கும் நாலு பக்கம் எழுதலாம், வெளியிடுகிறேன்.

சரி, பயணத்துக்கு வருவோம். சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு விமானத்தில் சுமார் இரண்டு மணி நேரம் (2024-இல் அதையும் ஸ்ரீ விஜய புரம் ஆக்கிவிட்டார்கள், இரண்டு பெயரையும் தேடிப் பாருங்கள்). அங்கிருந்து நீலுக்கு அரசுக் கப்பலில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம், தனியார் படகு இன்னும் சீக்கிரம். நாலு நாள் கிடக்கத்தான் ஆசை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் காலையில் வந்து நாலு இடம் பார்த்துவிட்டு மாலையில் திரும்புகிற கூட்டத்தோடு போகாதீர்கள். அவர்கள் கிளம்பிய பிறகுதான் ஊர் ஊராக இருக்கும்.

அந்தமான் நம்மைவிட வெகு கிழக்கே இருக்கிறது, கடிகாரம் மட்டும் நம் கடிகாரம். டிசம்பரில் மாலை ஐந்து மணிக்கே சூரியன் இறங்கிவிடும். தூங்கி எழுந்து, டீ குடித்து, ஐந்தரைக்கு லட்சுமண்பூர் போய் இருட்டைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் நிறைய. அதே லட்சுமண்பூர்ப் பக்கம் கடல் குடைந்த பாறை வளைவு ஒன்று உண்டு. வங்காளிகள் ஊர் ஆயிற்றே, அதன் பெயர் ஹௌரா பாலம். கடல் வற்றும்போதுதான் அதுவரை நடக்க முடியும். அந்த நேரத்தை முந்தின நாளே லாட்ஜில் கேட்டு வையுங்கள். பாறை வழுக்கும், பிடிமானமுள்ள செருப்பு தேவை. பவழத்தின் மேல் கால் வைக்காதீர்கள். 2010-இல் கடல் சூடேறி அங்கே ஏராளமான பவழம் வெளுத்துச் செத்தது, மிச்சத்தை நாம் மிதிக்க வேண்டாம். கரையில் கிடக்கிறதே என்று ஒரு துண்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தாலும் விமான நிலையச் சோதனையில் மாட்டிக்கொள்வீர்கள். புலிக்கு இருக்கிற அதே சட்டப் பாதுகாப்பு பவழத்துக்கும் உண்டு.