எனக்குத்தான் வேலை இருக்கிறதே?

அன்புள்ள அண்ணா,

எனக்கு 41 வயது. கிருஷ்ணகிரி பக்கம் மாங்கூழ் ஆலையில் கணக்கு எழுதுகிறேன். போன வருடம் மகனுக்கு ஆட்டிசம் என்றார்கள். அவனைப் பற்றிக் கேட்ட கேள்வி ஒவ்வொன்றும் என்னைக் கேட்டது போல இருந்தது. பெங்களூரில் பார்த்ததில் எனக்கும் அதுதான். ஆக்குபேஷனல் தெரபிஸ்டைப் பாருங்கள் என்கிறார் டாக்டர். அது குழந்தைகளுக்குத்தானே? எனக்குத்தான் வேலை இருக்கிறதே?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

ஆக்குபேஷனல் தெரபி என்ற பெயர் எல்லோரையும் குழப்பும். ‘ஆக்குபேஷன்’ என்றால் சம்பள வேலை என்றுதானே நினைப்போம்? குளிப்பது, சட்டை போடுவது, சாப்பிடுவது, பஸ் ஏறுவது, தூங்குவது என்று ஒரு நாளில் நாம் செய்கிற எல்லாமே அவர்கள் கணக்கில் ‘ஆக்குபேஷன்’தான். அவை சிரமமில்லாமல் நடக்க வழி தேடித் தருவதே அவர்கள் வேலை.

என் தங்கைக்கு ஆட்டிசம் என்று 38 வயதில்தான் தெரிந்தது. அதுவரை தருமபுரியில் எங்கள் வீட்டில் அவளுக்குக் கோபக்காரி என்றே பெயர். எவர்சில்வர் தட்டு விழுந்தால் எழுந்து போய்விடுவாள், கல்யாணப் பந்தியில் உட்கார மாட்டாள். எத்தனை திட்டியிருக்கிறோம்! இன்றும் நினைத்தால் வலிக்கிறது.

தெரபிஸ்ட் முதல் நாள் பயிற்சி எதுவும் தரவில்லை. எழுந்ததிலிருந்து படுக்கிறவரை ஒரு நாளைச் சொல்லச் சொன்னார். மதியம் தினமும் தலைவலி என்றாள். விசாரித்தால், அது பசி. ஆட்டிசம் உள்ள பலருக்குப் பசி, தாகம், களைப்பு எல்லாம் முற்றிய பிறகுதான் தெரியவரும். 12.30க்கு போனில் அலாரம் வைத்தார்கள். அடித்தால் சாப்பாடு, அவ்வளவுதான். வேலையிலிருந்து வந்ததும் 20 நிமிடம் யாரும் அவளிடம் பேசுவதில்லை. அப்புறம், தசைக்கு அழுத்தமான வேலை கொடுத்தால் சிலருக்கு உடம்பு அமைதியாகும். அவளுக்கு அது களி கிண்டுவது! இப்போது ராகிக் களி என்றால் துடுப்பு அவள் கையில்தான்.

மாம்பழ சீசனில் ஆலை இரவு பகலாக ஓடும்போது உங்களுக்கு என்ன ஆகிறது என்பதை தெரபிஸ்டிடம் சொல்லுங்கள். காதடைப்பானா, கணக்கு மேசையை இடம் மாற்றுவதா என்று சேர்ந்து யோசிப்பார். மேசையை மாற்றச் சொல்லிக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்லும் 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று.

நிறைய மையங்கள் குழந்தைகளுக்கானவை. அதனால் பெரியவர்களைப் பார்ப்பீர்களா என்று போனிலேயே கேட்டுவிடுங்கள். ஓசூரில் விசாரியுங்கள். பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் மனநல மறுவாழ்வுப் பிரிவு இருக்கிறது, அதையும் டாக்டரிடம் கேளுங்கள். கண்ணைப் பார்த்துப் பேசப் பழக்குகிறேன், கையாட்டுவதை நிறுத்துகிறேன் என்று யாராவது தொடங்கினால், வேறு ஆளைத் தேடுங்கள். உங்கள் நாளை எளிதாக்கத்தான் போகிறீர்கள், உங்களை மாற்ற அல்ல.

போவதற்கு முன் ஒரு வாரம் நோட்டில் குறித்து வையுங்கள்: எந்த நேரம், எந்த இடம், என்ன சத்தம், எதற்கு அப்புறம் படுத்துவிட்டீர்கள். முடிந்தால் உங்கள் மனைவியும் தனியாக ஒரு பக்கம் எழுதட்டும்.