கிளிக் கூண்டு வாங்கும் முன்: கேள்வி-பதில்

கூண்டு பற்றி மட்டும் நிறையக் கடிதங்கள் சேர்ந்துவிட்டன. இந்த முறை வேறு பொருள் எதையும் தொடவில்லை. கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

பிராட்வே பக்கம் ஞாயிற்றுக்கிழமை 2,800 ரூபாய்க்கு ஒரு கூண்டு வாங்கினேன். காக்டெய்ல் கிளி ஜோடி இருக்கிறது. மூன்று வாரத்துக்குள் பச்சை பெயின்ட் செதில் செதிலாக உரிகிறது. பெண் பறவை அதையே கடித்துக்கொண்டிருந்தது. இப்போது சோர்ந்து உட்கார்ந்திருக்கிறது, ஓயாமல் தண்ணீர் குடிக்கிறது, இரண்டு முறை கக்கிவிட்டது. கடைக்காரர் ‘விற்ற பொருளைத் திரும்ப எடுப்பதில்லை’ என்கிறார். பில்லும் தரவில்லை.
– வாசகி, தண்டையார்பேட்டை

அம்மா, சட்டம் அப்புறம். முதலில் இரண்டு பறவைகளையும் அந்தக் கூண்டிலிருந்து வெளியே எடுங்கள். காற்றோட்டத்துக்கு ஓட்டை போட்ட அட்டைப்பெட்டி இன்றைக்குப் போதும். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். உரிந்த பெயின்ட் செதிலை ஒரு காகிதத்தில் மடித்து எடுத்துச் செல்லுங்கள். “கம்பியைக் கடித்தது, உலோக விஷமாக இருக்குமோ” என்று நீங்களே சொல்லுங்கள். ஈயமோ துத்தநாகமோ வயிற்றுக்குள் போயிருந்தால் இப்படித்தான் காட்டும். உலோகத் துண்டு தங்கியிருந்தால் எக்ஸ்ரேயில் தெரியும். சீக்கிரம் பிடித்துவிட்டால் உலோகத்தை உடம்பிலிருந்து இறக்க மருந்து இருக்கிறது. நாளைக்குப் பார்க்கலாம் என்று வைக்காதீர்கள்.

இனி கடைக்காரர். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராததே நேர்மையற்ற வணிக நடைமுறை. பழுதான பொருளை, பில்லில் போட்ட கெடுவுக்குள், கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பதும் அதே வகைதான். அவர் கடைச்சுவரில் என்ன எழுதி ஒட்டியிருந்தாலும் இதுதான் சட்டம். உங்களுக்கு இன்னும் சில நாள் மிச்சம் இருக்கிறது. இன்றே கூண்டின் படங்களோடு ‘பழுதான பொருள், பணத்தைத் திருப்பித் தரவும்’ என்று அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். ஜிபேயில் பணம் கட்டியிருந்தால் அந்தப் பதிவே வாங்கியதற்குச் சாட்சி. மசியவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகார் பதியுங்கள். அதற்கும் அசையவில்லையென்றால் சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு வருடம் வரை அவகாசம் உண்டு. மருத்துவச் செலவு ரசீதுகளையும் சேர்த்துக் கேளுங்கள். கூண்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அதுதான் உங்கள் ஆதாரம்.

கடைக்காரர் பெயின்ட் அடித்து மறைத்ததை நீங்கள் எப்படிக் கண்டுபிடித்திருக்க முடியும்? உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை.

ஹாலில் தொங்கவிட வட்டக் கூண்டு, மேலே கோபுரம் வைத்தது, பார்க்க அழகாக இருக்கிறது. வாங்கலாமா?
– கொளத்தூர்

வேண்டாம். உச்சியில் கம்பிகள் கூடும் இடத்தில் இடைவெளி குறுகிக்கொண்டே போகும். கால்விரலும் நகமும் மாட்டுவது அங்கேதான். பயந்தால் ஒதுங்க ஒரு மூலையும் இல்லை.

மாமனார் ஊரிலிருந்து ஒரு பச்சைக்கிளிக் குஞ்சு கொண்டுவந்தார். கழுத்தில் வளையம் வரும் வகை. எந்தக் கூண்டு நல்லது?
– வியாசர்பாடி

எந்தக் கூண்டும் இல்லை. நம் நாட்டுக் கிளிகளை வாங்குவது, விற்பது, வீட்டில் அடைத்து வளர்ப்பது எல்லாமே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சிறை, அபராதம் வரை போகும். கிண்டியில் உள்ள வனத்துறை அலுவலகத்தில் கேட்டு அங்கே ஒப்படைத்துவிடுங்கள். மொட்டைமாடியில் பறக்க விட்டால் காக்கை கொத்திவிடும், அதைச் செய்யாதீர்கள். கூண்டில் வளர்க்க அனுமதி இருப்பது பட்ஜி, காக்டெய்ல், ஆப்பிரிக்கன் லவ் பேர்ட்ஸ், கனூர் போன்ற வெளிநாட்டு வகைகளுக்குத்தான். இங்கே வரும் மற்ற பதில்கள் எல்லாம் அவற்றுக்கு மட்டும்.

வீடு கடலிலிருந்து இரண்டு தெரு தள்ளி. எந்தக் கூண்டு வாங்கினாலும் வருடத்துக்குள் துரு. ‘ஜி.ஐ. கம்பி, துருவே பிடிக்காது’ என்று ஒருவர் சொல்கிறார். ‘ஸ்டெயின்லெஸ், காந்தம் ஒட்டாது பாருங்கள்’ என்று இன்னொருவர். எதை நம்புவது?
– திருவொற்றியூர்

இரண்டையும் அப்படியே நம்பாதீர்கள். இந்தத் ‘துருவே பிடிக்காது’ பேச்சைப் பற்றி நான் நெடுநாளாக எழுத நினைத்திருந்தேன்.

ஜி.ஐ. என்றால் இரும்பின் மேல் துத்தநாகப் பூச்சு. அந்தப் பூச்சு இருக்கும்வரை இரும்பு துருப்பிடிக்காது என்பது உண்மைதான். ஆனால் கிளி கூண்டின் கம்பியில் ஏறி இறங்குவதே அலகால்தான். கம்பி அதற்குக் கைப்பிடி, பொழுதுபோக்கு, விளையாட்டுச் சாமான். அந்தப் பூச்சை அது நாள் முழுக்கச் சுரண்டும். துத்தநாகம் பறவைக்கு விஷம். புதுக் கூண்டுக்கு மாற்றிய சில வாரங்களில் காரணம் தெரியாமல் பறவைகள் சாவதை வெளிநாட்டு மருத்துவர்கள் ‘புதுக் கம்பி நோய்’ என்றே சொல்கிறார்கள். கோழிக்கும் புறாவுக்கும் இந்த வலையைப் போட்டு வளர்க்கிறார்களே என்று கடைக்காரர் கேட்பார். கோழியும் புறாவும் கம்பியைக் கடித்துக்கொண்டே ஏறுவதில்லை.

ஜி.ஐ. வலையைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். கம்பிகள் சேரும் முடிச்சுகளில் மெழுகுவத்தி வழிந்து உறைந்ததுபோலச் சின்னச் சின்னச் சொட்டுகள் நிற்கும். நகத்தால் தட்டினால் சில உதிரும். கிளி முதலில் போவது அந்தச் சொட்டுக்குத்தான். விரலால் தடவினால் வெள்ளையாகப் பொடி ஒட்டும். வேறு வழியே இல்லை, ஜி.ஐ.தான் வாங்க முடியும் என்றால், சொட்டுகளை அரத்தால் ராவி, வினிகர் தொட்டு முரட்டு பிரஷ்ஷால் முழுக்கத் தேய்த்து, கழுவி, வெயிலில் காயவைத்த பிறகே பறவையை விடுங்கள். ஆபத்து குறையும், தீராது. கம்பியை மெல்லும் கனூருக்கு இது கூடவே கூடாது.

அடுத்தது காந்தம். காந்தம் பலமாக ஒட்டினால் உள்ளே இரும்பு, மேலே பளபளப்பு மட்டும் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். ஒட்டவில்லை என்பதால் நல்ல ஸ்டீல் என்று ஆகிவிடாது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் 304 என்ற நல்ல ரகமும் காந்தத்தில் ஒட்டாது, 202 என்ற மலிவு ரகமும் ஒட்டாது. உப்புக்காற்றில் 202 சீக்கிரமே புள்ளி விடும். ராயபுரத்தில் என் வீட்டு மாடியில் நிற்கும் கூண்டை இதே காந்த வித்தை காட்டித்தான் என்னிடம் விற்றார்கள். ஒரு மழைக்காலம் தாண்டவில்லை, கீல்களிலும் வெல்டிங் முனைகளிலும் பழுப்பு இறங்கிவிட்டது. பில்லை எடுத்துப் பார்த்தால் ‘கூண்டு 1’ என்று மட்டும் இருந்தது. சட்டப்படி என் கையில் பிடிக்க ஒன்றும் இல்லை. ஆகவே பில்லில் ‘எஸ்.எஸ். 304’ என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கும் கடையில் 304 விலை கொடுக்காதீர்கள். உண்மையான 304-ம் கடலோரத்தில் லேசாகப் பழுப்புப் படியும். வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் துடைத்தால் போய்விடும்.

304-க்குக் கட்டுப்படியாகாதவர்களுக்கு நல்ல பவுடர் கோட்டிங் கூண்டு (பெயின்ட் பொடியைச் சூட்டில் உருக்கி ஒட்டவைத்தது) போதும். பூச்சில் ஈயமும் துத்தநாகமும் கிடையாது என்று எழுதியிருக்க வேண்டும். அடித்தட்டு மூலையில் சாவியால் ஒரு கீறல் போட்டுப் பார்க்க அனுமதி கேளுங்கள். செதிலாகப் பெயர்ந்து வந்தால் வைத்துவிட்டு நடையைக் கட்டுங்கள். எங்கேயாவது உரிந்தால் அன்றைக்கே அந்தக் கூண்டு ஓய்வு பெற வேண்டும்.

ஆன்லைனில் ‘பெரிய கூண்டு’ என்று போட்டிருந்தார்கள், ஆர்டர் செய்தேன். பட்ஜி ஒன்று கம்பிக்கு நடுவே தலையை விட்டு மாட்டிக்கொண்டது. நல்லவேளை எடுத்துவிட்டோம். நஷ்டஈடு கேட்கலாமா?
– பெரம்பூர்

நீங்கள் அனுப்பிய பக்கத்திலேயே கம்பி இடைவெளி 25 மில்லிமீட்டர் என்று இருக்கிறது. அது பெரிய கிளிகளுக்கான கூண்டு. நஷ்டஈடு கிடைக்காது. திருப்பி அனுப்ப அவர்கள் கொடுத்த கெடு முடியவில்லையென்றால் இன்றே அனுப்புங்கள்.

உயிருள்ள ஒன்றுக்கு வாங்கும்போது படத்தை மட்டும் பார்த்து ஆர்டர் போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. பட்ஜிக்கும் லவ் பேர்ட்ஸுக்கும் இடைவெளி அரை அங்குலம், அதாவது 12 மில்லிமீட்டர் தாண்டக் கூடாது. காக்டெய்லுக்கு அரையிலிருந்து முக்கால் அங்குலத்துக்குள். கனூருக்கும் முக்கால்தான் எல்லை. ஸ்கேலை வைத்து அளக்க ஒரு நிமிடம் ஆகாது.

மூன்று பட்ஜி வாங்கினேன், இப்போது ஒன்பது. ஒன்றரை அடிக் கூண்டு போதுமா?
– மூலக்கடை

போதாது. முட்டைப் பானையை இன்றே எடுத்துவிடுங்கள்.

காலேஜ் படிக்கிறேன். சன் கனூர் ஒன்று இருக்கிறது. கடைக் கூண்டு விலை கட்டுப்படியாகவில்லை. தெரிந்த வெல்டிங் பட்டறையில் சொல்லிச் செய்யலாமா?
– புளியந்தோப்பு

தாராளமாகச் செய்யலாம் தம்பி. கடையில் கிடைப்பதைவிட நல்லதாகவே வரும், நீங்கள் பக்கத்தில் நின்றால். அகலம் இரண்டடி, ஆழம் இரண்டடி, உயரம் இரண்டரை அடி என்று ஆரம்பியுங்கள். இடம் இருந்தால் உயரத்தைக் கூட்டாதீர்கள், அகலத்தைக் கூட்டுங்கள். கிளி பக்கவாட்டில்தான் பறக்கும். கம்பி 12 கேஜ் கேளுங்கள். கேஜ் எண் கூடக் கூடக் கம்பி மெலியும், இதைத் தெரியாமல் 18 கேஜை ‘ஹெவி’ என்று வாங்கி வருபவர்கள் இருக்கிறார்கள்.

கதவு பக்கவாட்டில் திறக்க வேண்டும். மேலே தூக்கும் கதவு வேண்டவே வேண்டாம். கனூர் அதை அலகால் தூக்கித் தலையை விடும், கதவு கழுத்தில் விழும். சாதாரணக் கொண்டியை அது ஒரே நாளில் கழற்றக் கற்றுக்கொள்ளும். ஸ்டீல் ஸ்பிரிங் கொக்கி மாட்டுங்கள். பித்தளைப் பூட்டு கூடாது, பித்தளையிலும் துத்தநாகம் இருக்கிறது. வெல்டிங் முடிந்ததும் உள்பக்கம் முழுக்க ஒரு பழைய பனியன் துணியால் தடவுங்கள். துணி எங்கே மாட்டுகிறதோ அங்கே அரம் போடச் சொல்லுங்கள். எச்சம் கீழே விழ அடியில் சல்லடை, அதற்குக் கீழே இழுத்து எடுக்கும் தட்டு. உட்காரும் குச்சிக்குக் காசு செலவழிக்காதீர்கள். கொய்யா, வேப்பங்கிளையைப் பருமன் மாறி மாறி வரும்படி வெட்டிக் கழுவிக் காயவைத்து மாட்டுங்கள். ஒரே பருமனான வழவழப்புக் குச்சியில் கால் புண்ணாகும். உப்புக்காகித உறை போட்ட குச்சியை ‘நகம் தேயும்’ என்று சொல்லி எனக்கும் ஒருவர் விற்றார். நகம் தேயவில்லை, உள்ளங்கால்தான் தேய்ந்தது. அரளிக் கிளை விஷம், பக்கத்திலேயே வரக் கூடாது.

இன்னொன்று. சன் கனூர் வைத்திருப்பவர்கள் வனவிலங்குச் சட்டத்தின் கீழ் வந்த 2024 பதிவு விதிகளின்படி, மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். பறவை வாங்கிய பில்லைப் பத்திரமாக வையுங்கள்.

கூண்டை எங்கே வைப்பது? பால்கனியா, சமையலறையா? இங்கே பூனை அதிகம்.
– காசிமேடு

சமையலறை கூடாது. நான்-ஸ்டிக் பாத்திரம் தீய்ந்தால் வரும் புகை நிமிடங்களில் பறவையைக் கொன்றுவிடும். கொசுவத்திச் சுருள் எரியும் அறையும் வேண்டாம், கூண்டுக்கு மேல் கொசுவலை போடுங்கள். பகலில் பால்கனி நல்லதுதான், பாதியாவது நிழல் இருக்க வேண்டும். பூனை கூண்டை உடைக்க வேண்டியதில்லை, கம்பிக்குள் ஒரு கையை விட்டால் போதும். ஆள் இல்லாத நேரத்திலும் இரவிலும் உள்ளே எடுத்துக் கதவைச் சாத்துங்கள். ராத்திரி வெளியே விட்டால் பெருச்சாளியும் வரும்.

பழைய கூண்டு பாதி விலைக்கு வருகிறது. பெயின்ட் மட்டும் கொஞ்சம் போயிருக்கிறது.
– வண்ணாரப்பேட்டை

பெயின்ட் போயிருந்தால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். பூச்சு முழுசாக இருக்கும் பழைய கூண்டு கிடைத்தால் வாங்கலாம். அதில் இருந்த பறவை என்ன ஆனது என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். சோப்பில் தேய்த்து, பிளீச்சிங் கரைசலில் கழுவி, வாசனை போகும்வரை தண்ணீர் விட்டு அலசி, வெயிலில் நன்றாகக் காயவைத்த பிறகு பறவையை விடுங்கள்.